ஊறுகாய்ச் சீசாவில் ஒரு ரிலே

தனபாக்கியம் எண்ணும்போது உதடு அசையும், சத்தம் வராது. எதிரில் உட்கார்ந்து யாராவது ஊர்வம்பு பேசினாலும் சரி, அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, எண்ணிக்கை மட்டும் தவறாது. குடியாத்தத்தில் அவள் பிறந்த வீட்டில் நாலு தறி. தறிக்காரர்களுக்கு நூல் சுற்றிக் கொடுப்பது வீட்டுப் பெண்களின் வேலை. ஆறு வயதில் ராட்டை முன்னால் உட்கார்ந்தவள் பத்தொன்பது வயதில் கல்யாணத்துக்குத்தான் எழுந்தாள் என்று அவள் அண்ணன்மார் கேலி செய்வார்கள். எழுந்தவள் ராட்டையை விட்டுவிட்டு வரவில்லை. சீர்ப் பாத்திரங்களோடு அதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் ஆம்பூருக்கு வந்தாள். ரேடியோ ரிப்பேர்க்காரனுக்கு வாழ்க்கைப்படுகிறவளுக்கு ராட்டை எதற்கு என்று வழியெல்லாம் கேட்டார்கள். பதில் அவளுக்கே அப்போது தெரியாது.

புருஷன் ஜம்புலிங்கத்துக்குக் கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடை. முன்கட்டில் ரேடியோ, பின்கட்டில் குடித்தனம். கெட்டிக்காரக் கைதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் வாய் எப்போதும் கைக்கு இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருக்கும். "நாளைக்கே பாடும்" என்று சொல்லி வாங்கி வைத்த ரேடியோக்கள் அலமாரியில் மாதக்கணக்கில் மௌன விரதம் இருந்தன.

கல்யாணமான மறு வருஷம் வாணியம்பாடியிலிருந்து ஒரு ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர் கருகி வந்தது. மெட்ராஸிலிருந்து வேறு வர வேண்டும், பதினைந்து நாள் ஆகும் என்று அவன் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான். தனபாக்கியம் கருகியதைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே செம்புக் கம்பி, வரிசை வரிசையாகச் சுற்றியிருந்தது. "இவ்ளோதானா?" என்றாள். பழைய கம்பியை அவிழ்க்கும்போதே எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டாள். அதே பருமனில் புதுக் கம்பி வாங்கிவரச் சொல்லி, ராட்டையில் மாட்டி, ஒரு பகல் பொழுதில் சுற்றி முடித்தாள். சாயங்காலம் ரேடியோவில் நாதஸ்வரம் வந்தது. ஜம்புலிங்கம் ரேடியோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வழக்கம்போல வெளியே போய், தான் சுற்றியதாகவே நாலு பேரிடம் சொன்னான்.

அவளுக்கு அதில் வருத்தமில்லை என்று எழுதினால் பொய். வருத்தம் இருந்தது, கொஞ்சம். ஆனால் கம்பி சுற்றுவதில் இருந்த சந்தோஷம் அதைவிட ஜாஸ்தி. குடியாத்தத்தில் சுற்றிய நூல் லுங்கியாகி யார் இடுப்பிலோ போனது; இங்கே சுற்றிய கம்பி பாடியது. வேலூரிலிருந்தெல்லாம் கருகிய டிரான்ஸ்ஃபார்மர்கள் வந்தன. ஊரில் அவளுக்குப் பெயர் 'ரேடியோக்காரர் பொண்டாட்டி'. அவ்வளவுதான்.

இந்தச் சந்தோஷத்துக்கு ஒரே ஒரு பயமுறுத்தல் இருந்தது, அது ஆலங்காயம். ஜம்புலிங்கத்தின் அண்ணன் செங்கல்வராயனுக்கு அங்கே புளி மண்டி. "டப்பாவை நோண்டினது போதும், குடும்பத்தோட வந்துடு" என்று வருஷத்துக்கு நாலு கடிதம் போடுவார். தனபாக்கியம் ஒரு முறை பத்து நாள் அங்கே போயிருந்தாள். ஓரகத்திகளோடு உட்கார்ந்து விடிந்ததிலிருந்து புளியங்கொட்டை எடுத்தாள். பத்தாம் நாள் விரல் நுனியெல்லாம் வெடித்து எரிந்தது. அந்த விரல்களால் மயிரிழைக் கம்பியைத் தொட முடியாது என்பது வந்து ராட்டையில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. சரியாக மூன்று வாரம் ஆயிற்று, கை பழையபடி ஆக.

1966 தை மாதம் ஹயாத் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஜெர்மனியிலிருந்து ஓர் அளவு மெஷின் வந்து இறங்கியது. தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பது. அதுவரை ஒரு பழைய இரும்பு மெஷின் அளந்தது. தோலை அதில் நுழைத்தால் வரிசையாக இருக்கும் சக்கரங்கள் மேலே உருண்டு எத்தனை அடி என்று முள் காட்டும். அளவு மேஸ்திரி சாமுவேல் அதைப் பார்த்துத் தோலின் வால் பக்கம் சாக்பீஸால் எழுதுவார். ஏழே முக்கால் அடி என்றால் பெரிதாக ஏழு, அதன் தலையில் பொடியாக மூன்று. கால் அடிக்குக் கீழே ஆம்பூரில் கணக்கே கிடையாது.

புது மெஷினில் சக்கரம் இல்லை, விளக்கும் கண்ணும்தான். மேலே விளக்கு, கீழே வெளிச்சத்தைப் பார்க்கும் கண்ணாடிக் கண்கள். நடுவில் தோல் போகும்போது எவ்வளவு வெளிச்சம் மறைகிறது என்று அதுவே பார்த்து, ஒவ்வொரு கால் அடிக்கும் ஒரு சின்ன மின்சாரத் தட்டல் கொடுக்கும். அந்தத் தட்டல்களை எண்ணிக் காட்ட ஒரு பெட்டியும் கூடவே வந்திருந்தது. கப்பலில் எங்கேயோ உப்புத் தண்ணீர் புகுந்து அந்தப் பெட்டி மட்டும் உருப்படாமல் போயிருந்தது. வேறு பெட்டி வர ஆறு மாதம் ஆகுமாம்.

ஹயாத் பாஷா ஆள் அனுப்பி ஜம்புலிங்கத்தை வரவழைத்தார். டெலிபோன் ஆபீஸ் பழைய சாமான் ஏலத்தில் எடுத்த எண்ணும் மீட்டர் ஒன்று ஜம்புலிங்கத்திடம் இருந்தது. ஒவ்வொரு தட்டலுக்கும் 'டக்' என்று ஓர் எண் நகரும் சாமான். அதை இதில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது, மூன்றே நாள் என்றான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் ஜம்புலிங்கம் இல்லையே. ஷாப்பில் இருந்த இருபது பேர் முன்னிலையில், "ஓட வெக்கலன்னா கடையைச் சாத்திட்டு ஆலங்காயத்துக்கு மூட்டை கட்டிடறேன் பாய்" என்றும் சத்தியம் பண்ணிவிட்டு வந்தான். ஜம்புலிங்கம் வீண் பேச்சு பேசுவானே தவிர, சத்தியம் பண்ணிச் சொன்னதை மீறியது கிடையாது. விஷயம் காதுக்கு வந்ததும் தனபாக்கியத்துக்கு விரல் நுனியெல்லாம் எரிகிற மாதிரி இருந்தது.

சிக்கல் என்னவென்றால், மெஷின் பேசுவது ஆறு வோல்ட். மீட்டர் காதில் விழ ஐம்பது வோல்ட் வேண்டும். ஆறு வோல்ட்டில் தட்டினால் மீட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜம்புலிங்கம் வால்வு ரேடியோவில் வளர்ந்தவன். வால்வுக்கு இருநூறு, முந்நூறு வோல்ட் கொடுத்தாலும் முகம் சுளிக்காது. ஆறு வோல்ட் அவனுக்கு விளையாட்டுச் சாமான். ஆகவே அந்த மீட்டரின் ஐம்பது வோல்ட்டை நேராக மெஷினின் வாசலிலேயே கொண்டுபோய்க் கட்டினான். அந்த வாசலில் ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது, பட்டாணி அளவு. 'சுர்' என்று ஒரு சத்தம்கூட இல்லை. அப்படியே செத்துக் கிடந்தது.

பெட்டியோடு உபரியாக இரண்டு டிரான்சிஸ்டர் வந்திருந்தன. ஒன்றை மாட்டிவிட்டு, சுரத்தில்லாமல் வீட்டுக்கு வந்தான். தனபாக்கியம் சோறு போட்டுக்கொண்டே முழுக்கதையும் கேட்டாள். இரண்டு பேருக்கும் நேராகப் பேச்சு வார்த்தை ஒத்துவராது என்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதானே என்றாள். அந்த நடு ஆளுக்கு ரிலே என்று பெயர் என்பது ஜம்புலிங்கத்துக்குத் தெரியும். சின்ன மின்சாரம் ஒரு கம்பிச் சுருளில் ஓடி அதைக் காந்தமாக்கும். காந்தம் ஒரு தகட்டை இழுக்கும். தகடு போய் இன்னொரு பக்கத்தில் பெரிய மின்சாரத்தைச் சேர்த்துவிடும். ஆறும் ஐம்பதும் ஒன்றையொன்று தொடவே தொடாது. டெலிபோன் சாமானில் ரிலேயும் இருந்தது. ஆனால் அதன் சுருளும் ஐம்பது வோல்ட்டுக்குச் சுற்றியது.

சுருளை அவள் பிரித்தாள். ஆறு வோல்ட்டுக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் தடித்த கம்பியில் மறுபடி சுற்ற வேண்டும். சுற்று கம்மியானால் மின்சாரம் அதிகம் இழுத்து டிரான்சிஸ்டர் சுடும். அதிகமானால் கம்பி அந்தச் சின்னக் கட்டையில் அடங்காது. மெட்ராஸ் பட்டறைக்காரன் சுற்றினால் ஆயிரத்து எண்ணூறு அடங்கும் என்றான் ஜம்புலிங்கம். அவள் தறிப் பாவில் இழை வைக்கிற மாதிரி ஒன்றோடொன்று ஒட்டி, இடுக்கே இல்லாமல், இரண்டாயிரத்து நானூறு சுற்றினாள். உதடு மட்டும் அசைந்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரவல் கேட்டு வந்தவள் கேட்ட சாமானை வாங்காமலே போனாள்.

மறுநாள் ஜம்புலிங்கம் ஷாப்பில் ரிலேயை மாட்டினான். மீட்டர் டக், டக் என்று ஓடியது. பதினொரு தடவை. அப்புறம் நின்றுவிட்டது. இரண்டாவது டிரான்சிஸ்டரும் போய்விட்டது. இனி கையில் இருந்தது ஒன்றே ஒன்று.

ஜம்புலிங்கம் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை எடுத்து வைத்தான். நாலு வேட்டி, இரண்டு சட்டை, அவன் அம்மா படம் எல்லாம் உள்ளே போயின. மேலே கயிறு போட்டு முடிச்சு மேல் முடிச்சாக இறுக்கினான். தனபாக்கியம் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்ததோடு சரி. ஷாப்பிலிருந்து அவன் கொண்டு வந்த ரிலேயை மடியில் வைத்து, டார்ச் பேட்டரிக் கட்டை ஒன்றின் இரண்டு முனையிலும் சுருளின் கம்பிகளைத் தொட்டுத் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். சுருள் அறுந்திருக்கிறதா என்று அவள் பார்க்கிற வழி அதுதான். இத்தனை வருஷத்தில் நூறு தடவையாவது அப்படிப் பார்த்திருப்பாள்.

"இன்னாங்க, இங்க கையைக் குடுங்க" என்றாள். அவன் நீட்டிய விரல்களைக் கம்பி முனைகளில் வைத்துக் கட்டையைச் சேர்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டையை எடுத்தாள். அவன் துள்ளிக் கையை உதறினான்.

"பாத்தீங்களா? தொடும்போது சும்மா இருக்கும். விடும்போதுதான் கடிக்கும். நான் சுத்துற எல்லாச் சுருளும் அப்டிதான். உங்க டிரான்சிஸ்டரை அதுதான் கடிச்சிருக்கு."

ஜம்புலிங்கத்துக்கு விளங்கியது. வால்வு அந்தக் கடியைத் துடைத்துப் போட்டுவிட்டுப் போகும், பட்டாணி தாங்குமா? பிறகு எழுந்து கடைக்குள் போய் ஒரு டயோடு எடுத்து வந்தான். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சின்னக் குழாய் அது. சுருளின் இரண்டு முனைக்கும் குறுக்கே திருப்பிக் கட்டினான். இனி சுருள் கடித்தாலும் அந்தக் கடி வெளியே போகாது, சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கும். மறுபடி அவளே அவன் விரலைப் பிடித்துச் சோதித்தாள். கடிக்கவில்லை. மூன்றாவது டிரான்சிஸ்டரை மாட்டும்போது மட்டும் அவன் சாமி பெயர் சொல்லிக்கொண்டான்.

ஓடியது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். சாமுவேல் மேஸ்திரி சந்தேகத்தோடு பார்த்து, சந்தேகத்தோடு எழுதி, ஐந்தாம் நாளிலிருந்து சந்தேகம் இல்லாமல் எழுதினார். ஜம்புலிங்கம் கடைத்தெருவில் நடக்கும் நடையே மாறிவிட்டது. டிரங்குப் பெட்டி மட்டும் கயிறோடு அப்படியே கிடந்தது. முழுதாக ஒரு மாதம் ஓடினால்தான் அவிழ்ப்பது என்று அவனே ஒரு சட்டம் போட்டிருந்தான்.

எட்டாம் நாள் ஏழடித் தோல் ஆறரை என்று வந்தது. இன்னொன்றில் ஒரு அடியே குறைந்தது. திரும்ப அளந்தால் வேறு அளவு. ஹயாத் பாஷா கோபப்படவில்லை, அதுதான் பேஜார். திங்கட்கிழமை மெட்ராஸ் வியாபாரி வருகிறார், பழைய மெஷினையும் புது மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பன்னிரண்டு தோல் அளந்து பார்ப்பார், அதற்குள் முடிகிறதா பார் என்று மட்டும் சொன்னார். ஜம்புலிங்கம் வந்து அண்ணனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான்.

தனபாக்கியம் அதுவரை ஷாப்புக்குள் காலடி வைத்ததில்லை. அன்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகப் போனாள். வாசலைத் தாண்டியதும் சுண்ணாம்புக் குழிகள். தோலிலிருந்து மயிரை எடுப்பதற்கு ஊறப் போட்டிருந்தார்கள். அழுகிய முட்டை வாடை குப்பென்று அடித்தது. அளவு மெஷின் அந்தக் குழிகளுக்கு அடுத்த கொட்டகையில்தான் நின்றது. அவள் ரிலேயின் மூடியைக் கழற்றிப் பார்த்தாள். சுருள் சரியாக இருந்தது. தகடு சரியாக இழுத்தது. ஆனால் தகட்டு நுனியில், மின்சாரம் சேரும் இடத்தில், இரண்டு வெள்ளிப் பொட்டுகள் இருக்கும். அவை கறுத்திருந்தன.

குழிப் பக்கமிருந்து எல்லம்மா என்பவள் ஈரத் தோலைச் சுமந்துகொண்டு கடந்து போனாள். தனபாக்கியத்தின் கண் தற்செயலாக அவள் காலில் விழுந்தது. மெட்டி இரும்பு மாதிரி கறுப்பாக இருந்தது. வெள்ளியா என்று கேட்டதற்கு எல்லம்மா சிரித்தாள்.

"வெள்ளிதாம்மா. இந்தக் காத்துல வெள்ளி ஒரு வாரம் தாங்காது. ஞாயித்துக்கெழம விபூதி போட்டுத் தேய்ப்பேன், பளபளன்னு ஆய்டும். அடுத்த ஞாயிறு மறுபடி கரி."

தனபாக்கியம் அவளைக் கட்டிப் பிடிக்காத குறைதான். ஷாப்பில் இருந்த அத்தனை ஆண்களும் வருஷக்கணக்கில் அந்த மெட்டிகளைப் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு இந்தக் கதைதான். ரிலேக்குள்ளும் வெள்ளி இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கறுப்புப் படிந்த இடத்தில் மின்சாரம் சில தடவை போகும், சில தடவை போகாது. போகாத தடவையெல்லாம் கால் கால் அடியாகத் தோல் காணாமல் போனது.

ரிலேயை வீட்டுக்கு எடுத்து வந்து விபூதி தொட்டுத் துடைத்தாள். பொட்டுகள் பளிச்சென்று ஆயின. ஆனால் வாரா வாரம் விபூதி பூச அது என்ன கோயிலா? காற்றே படாமல் இருக்க வழி பார்க்க வேண்டும். அலமாரியில் நார்த்தங்காய் ஊறுகாய்ச் சீசா இருந்தது, அகல வாய், கார்க்கு மூடி. ஊறுகாயைச் சட்டிக்கு மாற்றி, சீசாவைச் சாம்பல் போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவைத்தாள். கார்க்கில் ஊசியால் துளை போட்டுக் கம்பிகளை இழுத்து, ரிலேயை உள்ளே தொங்கவிட்டு, வாயைச் சுற்றி அரக்கை உருக்கி ஊற்றினாள். கடைத்தெருக் காற்று உள்ளே, ஷாப் காற்று வெளியே.

ஜம்புலிங்கத்துக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ஜெர்மன் மெஷின் பக்கத்தில் ஊறுகாய்ச் சீசாவை வைத்தால் ஊர் சிரிக்காதா என்றான். ஆலங்காயத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள், போய்ப் புளி உடைக்கலாம் என்றாள் அவள். அவன் குதிரை வண்டி கூப்பிடப் போனான். சீசாவை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அளக்க ஆரம்பித்தார்கள். மெட்ராஸ் வியாபாரி நாற்காலியில். பக்கத்தில் ஹயாத் பாஷா. சாமுவேல் ஒவ்வொரு தோலையும் முதலில் பழைய மெஷினில் விட்டு எழுதினார், பிறகு புதியதில். சீசாவுக்குள் 'டிக்', பின்னாலேயே மீட்டரில் 'டக்'. தனபாக்கியம் தூண் ஓரம் நின்றாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. முதல் தோல் சரி. இரண்டாவது சரி. நார்த்தங்காய் வாடை வருகிறதே என்று வியாபாரி ஒரு தடவை சுற்றும் முற்றும் பார்த்தார். பதினொன்று வரை கால் அடி பிசகவில்லை.

பன்னிரண்டாவது பெரிய தோல். பழைய மெஷின் எட்டரை என்றது. புதியது எட்டேகால். ஜம்புலிங்கம் தரையைப் பார்த்தான். ஹயாத் பாஷா நீளமாக மூச்சு விட்டு, பரவாயில்லை, முயற்சி பண்ணியதே பெரிது என்று தொடங்கினார்.

"சீசா தப்பு பண்ணல பாய்." சொன்னது தனபாக்கியம். தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "சீசாவுல முப்பத்தி மூணு டிக். மீட்டர்ல முப்பத்தி மூணு டக். நடுவுல ஒண்ணும் வுட்டுப் போகல. நான் எண்ணினேன்."

"பன்னெண்டு தோலுக்குமா எண்ணினே?" என்றார் ஹயாத் பாஷா.

அவள் முதல் தோலிலிருந்து வரிசையாகச் சொன்னாள். சாமுவேல் ஒவ்வொன்றுக்கும் வால் பக்கச் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே போனார். கடைசித் தோலிடம் வந்ததும் நின்றார். அதைத் தூக்கி வாசல் வெயிலுக்கு நேராகப் பிடித்தார். தோலின் நடுவில் ஐந்தாறு இடத்தில் வெயில் பொத்துக்கொண்டு வந்தது. உரிக்கும்போது கத்தி பட்ட கிழிசல்கள். பழைய சக்கரங்கள் அவற்றின் மேல் உருண்டு தாண்டிப் போயிருக்கின்றன. விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் ஓட்டை ஓட்டைதான். அவர் எட்டரையை உள்ளங்கையால் அழித்துவிட்டு எட்டேகால் என்று எழுதினார். முப்பது வருஷமாக ஓட்டையையும் சேர்த்து அளந்திருக்கிறேன் என்று தானே சொல்லிச் சிரித்தார். முப்பது வருஷமாக அதை வாங்கியிருக்கிறேன் என்று மெட்ராஸ் வியாபாரியும் சிரித்தார். ஹயாத் பாஷாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் குழப்பம். கடைசியில் அவரும் சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் வியாபாரி, இதைச் செய்தது யார் என்று கேட்டார். எல்லோரும் ஜம்புலிங்கத்தைப் பார்த்தார்கள். ஜம்புலிங்கம் தொண்டையைச் செருமினான். தனபாக்கியம் அந்தச் செருமலை அறிவாள். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதையும் அறிவாள். தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சுத்தினது அவ. கடிக்கும்னு கண்டுபிடிச்சதும் அவ. சீசாவும் அவுளுதுதான்" என்றான் ஜம்புலிங்கம். "நான் எரிச்சது ரெண்டு டிரான்சிஸ்டர்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் தனபாக்கியம் புருஷனுக்கு எதிரில் அழுதது அன்று ஒரு நாள்தான், அதுவும் சிரித்துக்கொண்டே.

ஆறு மாதம் கழித்து ஜெர்மனியிலிருந்து புதுப் பெட்டி வந்தது. சாமுவேல் அதைப் பிரிக்காமலே பரண் மேல் ஏற்றிவிட்டார். சீசா ஓடியது. அடுத்தடுத்து வேறு ஷாப்காரர்களும் அப்படிப்பட்ட மெஷின் வாங்கி, சீசா வேண்டும் என்று கடைக்கு ஆள் அனுப்பினார்கள். வருகிறவர்கள் கடைத்தெரு முனையில் நின்று சீசாக்காரம்மா வீடு எது என்று விசாரிப்பார்கள். ஜம்புலிங்கம் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "இங்கதான் வாங்க, நான் அவங்க வூட்டுக்காரர்" என்பான்.

அதெல்லாம் பின்னால். அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்ததும் தனபாக்கியம் டிரங்குப் பெட்டியைக் காட்டினாள். மாதம் இன்னும் முடியவில்லை என்றான் அவன். அவள் ராட்டையின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவன் தரையில் குந்திக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். எத்தனை முடிச்சு போட்டோம் என்று அவனுக்கு நினைவில்லை.

"ஏழு" என்றாள் தனபாக்கியம்.